மரியோவில் ஒரு ரகசிய உலகம்

கேள்வி: 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் ‘மைனஸ் உலகம்’ உண்மையிலேயே இருக்கிறதா? எப்படிப் போவது?

பதில்: இருக்கிறது. 1-2 கட்டத்தின் (முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம்) முடிவில், வெளியேறும் குழாய்க்கு மேலே கூரைச் செங்கல் வரிசை தெரியும். பெரிய மரியோவாக இருந்தால்தான் செங்கல் உடையும். சுவரை ஒட்டிய ஒன்றை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ள இரண்டை உடையுங்கள். குழாயின் இடது விளிம்பில் இடப்பக்கம் பார்த்து நின்று, குனிந்தபடியே குதித்து, அந்தரத்தில் வலது பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அமைந்தால் மரியோ சுவருக்குள் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார். பெரும்பாலோர் தவறுவது இதற்குப் பிறகுதான்: அங்கே இருப்பது ‘வார்ப் ஸோன்’, அதாவது வேறு உலகங்களுக்கு நேராகத் தாவும் குழாய்கள் உள்ள இடம்; திரை நகர்ந்து அதன் வரவேற்பு எழுத்துகள் வந்துவிட்டால் குழாய்களுக்கு 4, 3, 2 என்ற வழக்கமான உலக எண்கள் ஏறிவிடும். அதற்கு முன்பே முதல் குழாயில் இறங்கிவிடுங்கள்.

காரணம் அழகானது. எழுத்துகள் வராதவரை, 4-2-இல் உள்ள வார்ப் ஸோனுக்கான எண்களே நினைவகத்தில் இருக்கும். அங்கே நடுவில் ஒரே குழாய்தான்; இரு ஓரங்களும் வெற்றிடம். வெற்றிடத்தின் எண் 36. ஆக நீங்கள் போவது 36-ஆம் உலகம், அதாவது 36-1. 36 என்ற எண்ணுக்குரிய படம் வெற்றுச் சதுரம் என்பதால் திரையில் ‘-1’ மட்டும் தெரிகிறது. உள்ளே 7-2-இன் நீர்க்கட்டம்தான். அதன் கடைசிக் குழாய் மீண்டும் தொடக்கத்திலேயே விடும், வெளியே வழியில்லை. ஜப்பானிய டிஸ்க் பதிப்பில் மட்டும் வேறு மூன்று கட்டங்கள் வந்து ஆட்டம் முடியும்.