ரஸ்ஸல் மார்க்கெட் திராட்சையும் ஒயினும்: கேட்டதற்குப் பதில்

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு, சுருளிப்பட்டிக்குப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் வீட்டுப்பாடம். கல்யாணமாகி பெங்களூர் வந்தேன். தொட்டபள்ளாபூர் பக்கம் ஒரு சின்ன ஒயின் ஆலையின் ஆய்வகத்தில் 11 வருஷம் இருந்தேன். இப்போது அறுவடைக் காலத்தில் மட்டும் இரண்டு ஆலைகளுக்குப் போய் வருகிறேன். அதிகம் பேசப்படாத ரகங்களில் ஒயின் போடும் சின்ன ஆலைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று நம் நண்பர்களிடம் சொன்னேன், மளமளவென்று கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செல்வி, அல்சூர்: அக்கா, ரஸ்ஸல் மார்க்கெட்டில் கூடை கூடையாக வரும் விதையுள்ள கருப்புத் திராட்சையிலும் ஒயின் போடுகிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். அதன் பெயர் பெங்களூரு ப்ளூ. பெங்களூரைச் சுற்றிய மாவட்டங்கள், சிக்கபள்ளாபூர், கோலார் என்று இந்த வட்டாரத்துப் பயிர் அது. 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அடுத்த தடவை வாங்கும்போது ஒரு பழத்தைக் காம்பு இருந்த பக்கம் வாயருகே வைத்து மெல்ல அழுத்துங்கள். தோல் சட்டையைக் கழற்றினாற்போல் விரலிலேயே நிற்கும், உள்ளே இருக்கும் பச்சை உருண்டை வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐரோப்பிய ஒயின் திராட்சைகளின் தோல் இப்படிக் கழலாது. இது அமெரிக்கக் காட்டுத் திராட்சை வழி வந்த ரகம், அதனால்தான்.

உலகத்தில் விற்பனைக்கு ஒயின் ஆகும் ரகங்களை 2012-ல் எண்ணிப் பட்டியல் போட்டார்கள், 1,368 வந்தது. கடை அலமாரியில் நாம் பார்ப்பது பத்தோ பன்னிரண்டோதான்.

பிரகாஷ், ஒயிட்ஃபீல்டு: நந்தி மலைப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் அந்த பெங்களூரு ப்ளூ ஒயினைக் குடித்துப் பார்த்தேன். இருமல் மருந்துக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. மட்டமான பழத்தில் மட்டமான ஒயின்தானே வரும்?

இருமல் மருந்து என்றதை நான் மறுக்க மாட்டேன், நானும் அப்படிப் பல குடித்திருக்கிறேன். ஆனால் பழி பழத்தின் மேல் மட்டும் இல்லை.

முதலில் வாசனை. மெத்தில் ஆந்த்ரானிலேட் என்று ஒரு வேதிப்பொருள் இந்தப் பழத்தில் இயற்கையாகவே இருக்கிறது. சின்ன வயதில் மென்ற திராட்சை சுயிங்கத்துக்கு அந்த மணத்தைக் கொடுத்ததும் இதுதான். அதனால் இந்த ஒயினை முகர்ந்ததும் மூளை 'மிட்டாய்' என்று சொல்லிவிடுகிறது. பழம் முற்ற முற்ற இந்த வாசனை ஏறும்.

அடுத்து சர்க்கரை. ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையில் பிடிக்கிற மாதிரி ஒரு குழாய் இருக்கும். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒரு எண்ணில் நிற்கும். சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் அந்த எண்ணைத்தான் பிரிக்ஸ் என்போம். பெங்களூரு ப்ளூவில் அது 16-லிருந்து 18 வரைக்கும்தான். அதை 0.55-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆக 9, மிஞ்சினால் 10. புளிப்போ தூக்கல். என்ன செய்வார்கள்? சர்க்கரையைக் கொட்டுவார்கள். நீங்கள் குடித்தது அதுதான்.

ஏன் சர்க்கரை ஏறவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இந்தக் கொடி ஹெக்டேருக்கு 40 டன் வரை காய்க்கும். நல்ல ஒயினுக்குக் கொடியை அதில் கால் பங்கோடு நிறுத்துவார்கள். ஒரே கொத்தில் கருப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் சேர்ந்து நிற்கும், ஒன்றாகப் பழுக்காது. வியாபாரி எடை பார்த்து வாங்குகிறார், அதனால் நிறம் திரும்பியதும் விவசாயி வெட்டிவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை, பழத்திடம் இதுவரை யாரும் எடையைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

இங்கேதான் சின்ன ஆலைக்கு வேலை. நான் இருந்த இடத்தில் ஒரு வருஷம் ஒரே ஒரு தோட்டத்தில் பாதிக் கொத்துகளைப் பிஞ்சிலேயே கிள்ளச் சொல்லி, அந்த நஷ்டத்துக்கும் சேர்த்துக் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்தோம். பழத்தை மேஜையில் கொட்டி நாலு பெண்கள் பச்சைப் பழத்தைப் பொறுக்கி எறிந்தார்கள். நிறமெல்லாம் தோலில்தான் என்பதால், தோலோடு நாலு மணி நேரம் மட்டும் ஊறவிட்டுப் பிழிந்தோம். குளிர்ந்த தொட்டியில் மெதுவாக நொதித்து, சர்க்கரை துளியும் மிச்சமில்லாத வெளிர் ரோஜா நிற ஒயின் வந்தது. மிட்டாய் வாசனை போகவில்லை, ஆனால் அளவாக இருந்தது. பீப்பாயில் போட்டு கேபர்னே மாதிரி கனமான சிவப்பு ஆக்கப் பார்த்த தொட்டி மட்டும் பாழ். அந்தப் பழத்தை அது இல்லாத ஒன்றாக நடிக்க வைக்கக் கூடாது.

டேவிட், பிரேசர் டவுன்: போர்ட் என்று லேபிள் போட்டு விற்கிறார்களே, அதுவும் இதேதானா?

நம் ஊரில் பெரும்பாலும் இந்தப் பழமும் சர்க்கரையும்தான். போர்ச்சுகல் போர்ட் வேறு. டோரோ பள்ளத்தாக்கில் நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்துவார்கள், ஆல்கஹால் 20 சதவீதத்தைத் தொடும்.

நசீமா, சிவாஜி நகர்: எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை, படிக்கத்தான் கேட்கிறேன். இந்த ரக ஒயினில் மெத்தனால் இருக்கிறது, கண் போய்விடும் என்று சொல்கிறார்களே?

எல்லா ஒயினிலும் துளி மெத்தனால் உண்டு, தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து வருகிறது. அமெரிக்க வழி ரகங்களில் அது கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தப் பேச்சு பிரான்சிலிருந்து கிளம்பியது. 1930-களில் அங்கே ஒயின் தேவைக்கு மேல் பெருகிக் கிடந்த நேரத்தில், நம் பெங்களூரு ப்ளூவுக்கு நெருங்கிய உறவான இசபெல்லா உட்பட ஆறு ரகங்களைத் தடை செய்தார்கள். தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் மெத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த தொழிற்சாலை மெத்தனால். அந்தக் கதை வேறு.

ரம்யா, ஜே.பி. நகர்: ஷிராஸ், கேபர்னே தவிர வேறு வெளிநாட்டு ரகங்கள் நம் நாட்டில் இல்லையா?

இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ராடெல்லி என்ற ஆலை இத்தாலியின் சாஞ்சியோவேசே ரகத்தை வைத்துப் பேர் வாங்கியது. நாசிக் பக்கம் ரெவேலோ ஆலை, சிசிலித் தீவின் நீரோ தாவோலா, க்ரில்லோ இரண்டையும் கொண்டுவந்தது. தெற்கு இத்தாலி வெயில் பழகிய கொடிகள் நம் வெயிலுக்குச் சரிப்படும் என்ற கணக்கு அது, எனக்கு அந்த யோசனை பிடிக்கும். நம் நந்தி மலை அடிவாரத்தில் க்ரோவர் ஆலை வியோன்யே என்ற வெள்ளை ரகத்தில் ஒயின் போடுகிறது.

பேர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. சிலி நாட்டில் மெர்லோ என்ற சிவப்பு ரகம் என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பலவும் மெர்லோவே இல்லை, கார்மெனேர் என்ற பழைய பிரெஞ்சு ரகம் என்று 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். இலையைப் பார்த்துச் சொன்னவர் ஜான்-மிஷேல் பூர்சிகோ என்கிற நிபுணர். சொந்த ஊரில் அழிந்துபோனதாக எண்ணிய கொடி, கடல் தாண்டி வேறு பேரில் காய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாரிமுத்து, ஓசூர்: மேடம், இரண்டு ஏக்கர் இருக்கு. ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஒயினுக்கென்றே அர்கா ரகங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். நடலாமா?

அண்ணா, ரகங்கள் நல்லவை. அர்கா திருஷ்ணா பெங்களூரு ப்ளூவையும் கான்வென்ட் லார்ஜ் பிளாக்கையும் கலப்பு செய்து வந்தது, பிரிக்ஸ் 22 தாண்டும். தாயின் பலவீனத்தைப் பிள்ளை சரிசெய்துவிட்டது. அர்கா ஷ்யாமும் பெங்களூரு ப்ளூவின் பிள்ளைதான், மிட்டாய் வாசனை குறைவு. வெள்ளை ஒயினுக்கு அர்கா சோமா, அது அனாபேஷாஹி என்ற வெள்ளைத் திராட்சை வழி.

ஆனால் நடுவதற்கு முன்னால் வாங்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரகங்கள் பரவாததற்குக் காரணம் பழமில்லை. ஆலைக்காரர் 'விவசாயி நட்டால் வாங்குகிறேன்' என்பார், விவசாயி 'வாங்கினால் நடுகிறேன்' என்பார், நடுவில் நாற்று வாடும். ஒயின் திராட்சையைச் சந்தையில் தள்ளிவிடவும் முடியாது. பழம் சிறுசு, விதை அதிகம், தின்ன யாரும் வாங்க மாட்டார்கள். 2008-09 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நாசிக் பக்கம் ஆலைகள் கொள்முதலை நிறுத்தியபோது ஒயின் கொடிகளை வேரோடு பிடுங்கியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஓர் ஆலைக்காரரின் வாய்ப்பேச்சை நம்பி ஒரு ஏக்கர் நட்டார். மூன்றாம் வருஷம் பழம் வந்தபோது ஆலைக்காரர் போனையே எடுக்கவில்லை. ஆகவே விலை, டன், எந்தப் பிரிக்ஸில் வெட்டுவது, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். முதலில் கால் ஏக்கர் போதும்.

அப்புறம் கவாத்து. நம் பக்கம் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது, நாம்தான் வெட்டி எழுப்ப வேண்டும். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் காய்ப்புக்கு ஒன்று. அக்டோபர் மழை தள்ளிப்போனால் இளந்துளிரில் அடிச்சாம்பல் நோய் வரும், அதை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கணேசன், கே.ஆர்.புரம், சொந்த ஊர் கூடலூர்: நம்ம ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதில் ஏன் அதிகம் பேர் ஒயின் போடவில்லை?

தம்பி, இதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பன்னீர் திராட்சை என்று நாம் கூப்பிடுவது மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பம் என்பதால்தான் அந்தப் பன்னீர் மணம். கலிபோர்னியாவில் இதே பழத்தை பிளாக் மஸ்கட் என்று சொல்லி இனிப்பு ஒயின் போடுகிறார்கள், சீனாவில் தியான்ஜின் பக்கமும் போடுகிறார்கள். ஆக, பழம் தகுதியானதுதான். நம் ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும், ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விலை கிலோவுக்கு விழும்போதெல்லாம் விவசாயிகள் ஒயின் ஆலை கேட்பார்கள், விலை ஏறியதும் பேச்சு அடங்கிவிடும். கர்நாடகம் 2007-ல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, வாரியமும் வைத்தது. மகாராஷ்டிரம் 2001-லேயே செய்தது. அப்படி ஒன்று தேனிக்கு வரவில்லை. நான் ஒரு தடவை ஊரிலிருந்து இரண்டு பெட்டிப் பழத்தைப் பேருந்தில் ஏற்றி வந்து ஆய்வகத்தில் பத்து லிட்டர் போட்டுப் பார்த்தேன். நிறம் சாயம் போன புடவை மாதிரி. மணம் மட்டும் குப்பியைத் திறந்ததும் அறை முழுக்க, அப்பா தோட்டத்திலிருந்து திரும்பும்போது துண்டில் வருமே, அதே.

பிரகாஷ், ஒயிட்ஃபீல்டு (மறுபடியும்): சின்ன ஆலை ஒயினுக்கு ஏன் இவ்வளவு விலை?

இயந்திரங்கள் வருஷத்தில் இரண்டு மாதம் ஓடி, பத்து மாதம் சும்மா நிற்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனிப் பதிவு, தனிக் கட்டணம். ஆயிரம் பாட்டில் போடுகிறவருக்கும் லட்சம் பாட்டில் போடுகிறவருக்கும் அதில் பெரிய சலுகை இல்லை. அதனால்தான் பல நல்ல ஒயின்கள் ஆலை வாசலைத் தாண்டுவதே இல்லை.

மேரி, ஆஸ்டின் டவுன்: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயின் இரண்டு வருஷமாகப் புளித்துப்போகிறது.

மேரி அக்கா, உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது கலால் சட்டப்படி தவறு, கேரளத்தில் 2019-ல் இதற்காக எச்சரிக்கைச் சுற்றறிக்கையே வந்தது. அதனால் செய்முறை தர மாட்டேன். ஏன் புளிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். காற்று பட்டால் ஒயின் காடியாகும். ஜாடியில் பாதி காலியாக விட்டு, தினமும் திறந்து ருசி பார்த்தால் அதுதான் நடக்கும். நொதிக்கும்போது வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் இறுக்கினாலும் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அரைகுறையாக நொதித்த சாற்றைக் குப்பியில் அடைத்து வீட்டுச் சமையலறையில் வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. கூரையில் தெறித்த கறை வெள்ளையடித்தும் போகவில்லை, வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்.

ரம்யா, ஜே.பி. நகர்: நம் சாப்பாட்டுக்கு எது சேரும்?

காரத்தோடு ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். அதனால் கனமான சிவப்பு வேண்டாம். நன்றாகக் குளிரவைத்த ரோஜா நிற பெங்களூரு ப்ளூவை வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பிட்டுப் பாருங்கள், அதன் புளிப்பு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்யும். சாம்பார், ரசம், புளிக்குழம்பு எதற்கும் எந்த ஒயினும் ஒத்துவராது, அங்கே மோரே போதும்.

செல்வி, அல்சூர்: ஆலையை நேரில் பார்க்க எப்போது போகலாம்?

பிப்ரவரி, மார்ச். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பழம் வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், அறுவடை நேரத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. வெள்ளைத் துணி உடுத்தாதீர்கள். செருப்புக்கும் பழசாகப் பார்த்துப் போடுங்கள், தரையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும், தேனீ வேறு சுற்றும்.