விண்டோஸை அழிக்காமல் அதன் அருகிலேயே லினக்ஸை நிறுவ முடியுமா?

ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொண்டு, கணினியைத் திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதே இரட்டை நிறுவல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் கணினி கற்கும் தோட்டத்துப் பிள்ளைகள், “சார், விண்டோஸ் அழிந்துவிடுமா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கணினியின் சேமிப்பு வட்டை முறையாகப் பிரித்தால் அழியாது. இரு இயங்குதளங்களும் கோப்புகளை வெவ்வேறு முறையில் அடுக்குவதால், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேவை. லயத்து வீட்டின் நடுவே பலகைத் தடுப்பு வைத்து இரு குடும்பங்கள் குடியிருப்பதைப் போன்றது இது: வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. அந்த வாசலில் நின்று ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பதுதான் கிரப் எனப்படும் தொடக்கப் பட்டியல்.

தடுப்பை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே போடுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி ஒதுக்குங்கள். அதற்கு முன் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்து, விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணையாது. நிறுவும்போது ‘வட்டை முழுவதும் அழி’ என்பதைத் தொடவே கூடாது. நான் கண்ட இழப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சொடுக்கால் வந்தவை.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது, மலேசியாவில் கடிகாரம் 8 மணி நேரம் பின்தங்கி, காலை 10 மணியை அதிகாலை 2 மணி எனக் காட்டக்கூடும். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பதே காரணம். உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸை மாற்றியமைத்தால் சரியாகிவிடும்.

இரண்டு இயங்குதளங்கள் இருந்தால் கணினி மெதுவாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றே இயங்குவதால், குறைவது வட்டின் இடமே தவிர வேகம் அன்று.