சமையலறைச் சுவரை எடுத்து ஹாலோடு சேர்க்கலாமா?

கேள்வி: சென்னையில் 15 ஆண்டு பழைய அடுக்குமாடியில் இருக்கிறோம். 8-க்கு 10 அடி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட ஆசை. "பில்லர் பில்டிங்தான், எந்தச் சுவரையும் உடைக்கலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது பாதிதான் சரி. பில்லர், பீம் போட்ட கட்டடத்தில் நாலரை இஞ்ச் செங்கல் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். பூச்சோடு சேர்த்து ஐந்தரை இஞ்ச் வரும். வாசல் நிலை ஓரத்தில் டேப் வைத்துப் பாருங்கள். பத்து இஞ்ச் வந்தால் பாரம் தாங்கும் சுவராக இருக்கலாம், அவசரப்படாதீர்கள். யாரும் பார்க்காத மூலையில் சின்னதாக ஒரு துளை போடச் சொல்லுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்தால் சிமென்ட் கல்லாகவும் இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டில் வார்த்த புதிய அடுக்குமாடிகளில் பாரத்தைத் தாங்குவதே சுவர்தான். அங்கே கை வைக்கவே கூடாது. எப்படி இருந்தாலும் கட்டட வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி, அவர் எழுத்தில் தந்ததைக் குடியிருப்போர் சங்கத்தில் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே உளி எடுக்க வேண்டும்.

பலர் மறப்பது பரணை. சமையலறைப் பரணின் கான்கிரீட் பலகை அந்தச் சுவருக்குள் செருகியிருக்கக்கூடும். கீழிருந்து கல்லை உருவினால் பரண் சாமானோடு தலையில் இறங்கும். பரணைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, முதலில் அதை அறுத்தெடுத்துவிட்டு, சுவரை மேலிருந்து கீழாக கட்டிங் மெஷினால் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் பக்கத்து வீட்டுப் பூச்சிலும் விரிசல் விடும். சுவருக்குள் ஓடும் ஒயரையும் தண்ணீர்ப் பைப்பையும் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

முழுச் சுவரையும் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தரையிலிருந்து 42 இஞ்ச் விட்டுவிட்டு மேலே மட்டும் திறந்துவிடுங்கள். சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் ஹாலுக்குத் தெரியாது. பிளக் பாயின்ட்டுக்கு இடம் இருக்கும். இரண்டு அறை டைல்ஸுக்கு நடுவே நாலரை இஞ்ச் பள்ளம் விழாது. முழுச் சுவரையும் எடுத்தால், பழைய டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது, அந்தப் பள்ளத்தைக் கிரானைட் பட்டையால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். நிறுத்திய அரைச் சுவரின் தலையில் 8 மி.மீ. கம்பி இரண்டு வைத்து 3 இஞ்ச் கான்கிரீட் பட்டை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சாய்ந்து உட்கார்ந்தாலே ஆடும். அதன்மேல் கிரானைட் ஹால் பக்கம் 10 இஞ்ச் நீண்டால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். இரும்பு பிராக்கெட் இல்லாமல் இவ்வளவு நீட்டாதீர்கள். ஸ்டூல் உட்காரும் உயரம் 30 இஞ்ச்.

கேள்வி: தாளிப்பு வாசனை ஹாலுக்கு வராமல் இருக்க டக்ட் (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) இல்லாத சிம்னி போதுமா?

பதில்: போதாது. அதிலுள்ள கரி ஃபில்டர் வாசனையைக் கொஞ்சம் பிடிக்கும். சூட்டையும் ஆவியையும் அப்படியே வீட்டுக்குள் திருப்பிவிடும். திறந்த சமையலறையில் எண்ணெய்ப்பசை சோபாத் துணியில் போய் ஒட்டுவதுதான் பெரிய தொல்லை. 6 இஞ்ச் டக்ட் வைத்து, குறுக்கு வழியில் வெளிச்சுவருக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும், சத்தத்தைக் கூட்டும். சுருக்கு அலுமினியக் குழாய் என்றால் முழுக்க இழுத்து நீட்டிப் பொருத்த வேண்டும்.

இழுவை மணிக்கு 1,200 கனமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அடுப்பைவிடச் சிம்னி குறுகலாக இருந்தால் எந்த இழுவையும் உதவாது. மூன்று பர்னர் என்றால் 90 செ.மீ. சிம்னி வாங்குங்கள், அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள். வலை ஃபில்டர் நம் தாளிப்புக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வளைந்த தகடுகளால் ஆன பேஃபிள் ஃபில்டர் நல்லது. சிம்னி ஓடும்போது ஹாலில் ஒரு ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும், உள்ளே காற்று வந்தால்தான் புகை வெளியே போகும். ஹால் ஃபேன் காற்று அடுப்பு மேல் படும்படி இருந்தால் தீயும் அணையும், புகையும் சிதறும். ஃபேன் இடத்தை இப்போதே மாற்றிவிடுங்கள்.

அழகுக்காகச் சிலிண்டரை மூடிய அலமாரியில் அடைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். அலமாரியில்தான் வைக்க வேண்டுமென்றால் கதவின் அடியில் காற்றுத்துளை கட்டாயம். ஹோஸ் 1.5 மீட்டருக்கு மேல் கூடாது, சுவரைத் துளைத்தும் போகக்கூடாது.

கேள்வி: "மொத்தம் நாலு லட்சம்" என்று ஒரே வரியில் எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இடிப்பு, ரப்பீஸ் அள்ளும் லாரி, ஒயரிங், பிளம்பிங், கிரானைட், மரவேலை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிறகு சண்டை வருவது பெரும்பாலும் ரப்பீஸில்தான். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர எண்) என்று எழுதச் சொல்லி, இறங்கும் பலகையில் அந்த முத்திரையைப் பாருங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை, சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டுக் கீழே ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வேலை கோளாறானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.