லிபரலும் ஒத்துவரவில்லை, கன்சர்வேடிவும் ஒத்துவரவில்லை என்றால் லூத்தரன் சபைகளில் எங்கே போவது?

கேள்வி: "அமெரிக்காவில் லூத்தரன் சபை தேடிக்கொண்டிருக்கிறேன். ஈஎல்சிஏ ரொம்ப லிபரலாகப் படுகிறது, மிசூரி சினாட் ரொம்ப இறுக்கமாகப் படுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. (புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: சினாட் என்றால் பல சபைகள் சேர்ந்த அமைப்பு; ஈஎல்சிஏ, மிசூரி சினாட் இரண்டும் அமெரிக்காவின் பெரிய லூத்தரன் அமைப்புகள்.) ஆனால் 'நடு' என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு சினாட்டைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நானும் என் மனைவியும் இதே கேள்வியோடு நான்கு வருடம் சபை சபையாக ஏறி இறங்கியவர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை, ஞாயிறுதோறும் பெஞ்சில் உட்காருகிறவன், அவ்வளவுதான்.

முதலில் இந்த நடு என்பது நகர்ந்துகொண்டே இருக்கிற இடம். இன்றைய ஈஎல்சிஏவுக்குத் தாய்ச்சபைகளான எல்சிஏவும் ஏஎல்சியும் 1970இல் பெண்களுக்குக் குருப்பட்டம் தர முடிவெடுத்தன. அன்றைக்கு அது அப்பட்டமான லிபரல் காரியம். நாற்பது வருடம் கழித்து, ஈஎல்சிஏ எல்லை தாண்டிவிட்டது என்று வெளியே வந்தவர்கள் 2010இல் ஒஹையோவில் கூடி என்ஏஎல்சி என்ற புதுச் சபையைத் தொடங்கினார்கள். அவர்களை எல்லாரும் கன்சர்வேடிவ் என்கிறார்கள். அந்தக் கன்சர்வேடிவ் சபையில் பெண் பாஸ்டர்கள் இருக்கிறார்கள், அதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. மிசூரி சினாட்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், என்ஏஎல்சியும் லிபரல்தான் என்பார். அவருக்கு அந்தப் பக்கம் வெல்ஸ் என்கிற விஸ்கான்சின் சினாட் இருக்கிறது, மிசூரியே தளர்ந்துபோய்விட்டது என்று 1961இல் உறவை முறித்துக்கொண்டவர்கள். அங்கே சபைக் கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டுக்கூடக் கிடையாது. மிசூரியில் 1969இலிருந்து உண்டு.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1974 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் மிசூரி சினாட்டின் கன்கார்டியா செமினரியில், அதாவது பாஸ்டர்களைப் பயிற்றுவிக்கிற கல்லூரியில், பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். வேதாகமத்தை வரலாற்று ஆய்வு முறையில் படிக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டையின் வேர். வெளியே வந்தவர்கள் தங்களை லிபரல் என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'மாடரேட்' என்றுதான் சொன்னார்கள், நீங்கள் இப்போது தேடுகிற அதே வார்த்தை. அவர்கள் பக்கம் நின்ற சபைகள் 1976இல் ஏஇஎல்சி என்று தனியாகப் பிரிந்து, 1988இல் எல்சிஏ, ஏஎல்சி இரண்டோடும் கலந்து ஈஎல்சிஏ ஆகின. ஆக நீங்கள் லிபரல் என்று தள்ளிவைக்கிற சபைக்குள் ஒரு பங்கு மிசூரியின் அந்தக் கால நடுவழிக்காரர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஈஎல்சிஏ சபை. பாஸ்டர் ஒரு அம்மா, நன்றாகப் பிரசங்கம் செய்வார், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவநாட்களில் புதன்கிழமை தியானங்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஈஸ்டரில் விருந்தினராக வந்த பிரசங்கியார் உயிர்த்தெழுதலை, நம் எல்லாருடைய வாழ்க்கையிலும் வசந்தம் திரும்புவதற்கான ஓர் அடையாளமாக மட்டும் விளக்கிவிட்டுப் போனார். கல்லறை காலியாக இருந்ததா இல்லையா என்ற பேச்சே வரவில்லை. அதற்கடுத்த நிமிடம் எழுந்து நின்று "மூன்றாம் நாள் மரித்தோரிடத்திலிருந்து எழுந்தருளினார்" என்று விசுவாசப் பிரமாணம் சொன்னோம். எனக்கு வாய் சொன்னதும் காது கேட்டதும் ஒட்டவே இல்லை. ஒரு ஆளை வைத்து ஒரு சபையை எடைபோட்டது நியாயமில்லை என்று பிற்பாடு தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஒரு மிசூரி சினாட் சபை. ஆராதனை முறைமை அப்படியே உயிரோடு இருந்தது. பாவ அறிக்கை, மன்னிப்பு, கிரியே, குளோரியா என்ற பழைய ஆராதனைப் பாட்டுகள் எல்லாம் வரிசையாக வரும், பிள்ளைகள்கூடப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள். பிரசங்கத்தில் நியாயப்பிரமாணம் எங்கே அடிக்கிறது, சுவிசேஷம் எங்கே கட்டுப்போடுகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். எனக்குப் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற சடங்கு, அங்கே மூடிய மேசை. சினாட்டோடு விசுவாசத்தில் ஒன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஆராதனைத் தாளிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் மனைவியின் பெயர் இன்னும் ஒரு ஈஎல்சிஏ சபைப் பதிவேட்டில் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து லூத்தரன், லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசப் புத்தகத்தை எனக்கே பிழைதிருத்துகிறவள். அன்றைக்கு வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து முன்னே போக, எங்கள் பெஞ்சுக்காரர்கள் கடந்துபோவதற்காக அவள் முழங்காலை ஒதுக்கி, கோட்டை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு வழிவிட்டாள். போகும்போது வழிவிட்டாள், திரும்பி வரும்போது மறுபடி வழிவிட்டாள். நானும் போகவில்லை. பாஸ்டர் மனிதாபிமானம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வாரமே வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காரணம் சொன்னார். மேசையைப் பகிர்வது என்றால் உபதேசத்தையும் பகிர்வது, ஒன்றாக இல்லாதபோது ஒன்றாக இருப்பதுபோல நடிக்கக் கூடாது என்றார். அந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்காக அந்த முழங்கால் ஒதுக்கியது மறந்துபோகவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய உபயோகமாக இருந்தது. லூத்தரன்களுக்குள் உள்ள பிளவின் அடிமூலம் இரண்டு லத்தீன் வார்த்தைகளில் இருக்கிறதாம்: குவியா, குவாட்டெனஸ். 1580இல் தொகுத்த கன்கார்டு புத்தகத்தில் உள்ள லூத்தரன் விசுவாச அறிக்கைகளை, அவை வேதத்தோடு ஒத்திருப்பதால் ஏற்கிறேன் என்பது குவியா. அவை வேதத்தோடு எந்த அளவுக்கு ஒத்திருக்கிறதோ அந்த அளவுக்கு ஏற்கிறேன் என்பது குவாட்டெனஸ். முதலாவதைச் சொல்கிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதற்குள் நிற்கிறார், இரண்டாவதைச் சொல்கிறவர் பேனாவைக் கையிலேயே வைத்திருக்கிறார். மிசூரி சினாட் குவியாவில் உறுதியாக நிற்கிறது. ஈஎல்சிஏவில் ஆளுக்கு ஆள் மாறும், குவியா சொல்கிற பாஸ்டர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். ஓரினச்சேர்க்கை, பெண் குருக்கள், ஆறு நாள் சிருஷ்டி என்று நாம் சண்டைபோடுகிற பலதும் இதற்கும், வேதத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்விக்கும் பிறகுதான் வருகிறது. அதனால் ஒரு புதுப் பாஸ்டரைச் சந்தித்தால் நான் அரசியல் சூடான கேள்விகளை விட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தில் உள்ள முக்கிய அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். அவர் சொல்கிற பதிலைவிட, அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்கிறதா, நெளிகிறாரா என்பதைக் கவனிப்பேன்.

2009 பற்றிச் சொல்லாமல் முடியாது. மினியாபொலிஸில் நடந்த ஈஎல்சிஏ மாமன்றத்தில் பாலியல் பற்றிய சமூக அறிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. விழுந்தது 676க்கு 338. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்றில் இரண்டு, ஓர் ஓட்டு இடம் மாறியிருந்தால் தோற்றிருக்கும். அதே நாளில் ஊருக்குள் சூறாவளி வந்து பக்கத்தில் இருந்த சென்ட்ரல் லூத்தரன் கோயிலின் கோபுரத்தைச் சேதப்படுத்திவிட்டுப் போனது, அதற்கு ஆளுக்கொரு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரினத் துணையோடு உறுதியான உறவில் வாழ்கிறவர்களும் பாஸ்டர்களாக இருக்கலாம் என்ற தீர்மானமும் அந்த மாமன்றத்தில்தான் நிறைவேறியது. ஆனால் அந்த அறிக்கையில் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற ஒரு பகுதி இருக்கிறது: இந்த விஷயத்தில் நான்கு விதமான நிலைப்பாடுகள் சபைக்குள் உண்டு, நான்கும் கட்டுண்ட மனச்சாட்சியிலிருந்து, அதாவது இதுதான் சரி என்று மனதார நம்பி மீற முடியாத நிலையிலிருந்து, வருபவை, ஒருவர் மற்றவரை மதித்துச் சேர்ந்து வாழலாம் என்றது அது. எனக்குத் தெரிந்து நடுவழியைக் காகிதத்தில் எழுதிவைத்த முயற்சி அதுதான். 2022 மாமன்றத்தில் அந்தப் பகுதியை மறுபரிசீலனை செய்யத் தீர்மானித்துவிட்டார்கள். அதனால் பழைய நிலைப்பாட்டை மனச்சாட்சியோடு வைத்திருக்கிறவர்களுக்கு அங்கே எவ்வளவு காலம் இடம் இருக்கும் என்ற கவலை நியாயமானது, அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

இப்போது நாங்கள் இருக்கிற சபைக்கு எப்படி வந்தோம் என்றால், பாட்டுப்புத்தகத்தின் நிறத்தைப் பார்த்து. சிரிக்காதீர்கள். அமெரிக்க லூத்தரன் சபையில் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள பலகையைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். 1978இல் வந்த பச்சைப் புத்தகம் மிசூரி சினாட்டும் மற்றவர்களும் சேர்ந்து தயாரிக்க ஆரம்பித்தது, கடைசி நேரத்தில் மிசூரி விலகிக்கொண்டு 1982இல் தனக்கென்று நீலப் புத்தகம் போட்டது. 2006இல் ஈஎல்சிஏவும் மிசூரியும் தனித்தனியே புதுப் புத்தகம் போட்டன, அட்டை இரண்டுமே சிவப்புக் குடும்பத்து நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்தச் சிறிய சபையில் இன்னும் பழைய பச்சைப் புத்தகம்தான் இருந்தது, மூலைகள் தேய்ந்து, முதுகில் செல்லோடேப் ஒட்டி. ஈஎல்சிஏ சபைதான், ஆனால் 2010இல் வெளியேறலாமா என்று இங்கே ஓட்டெடுத்திருக்கிறார்கள். வெளியேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு இரண்டு தடவை நிறைவேற வேண்டும், நடுவில் குறைந்தது 90 நாள் இடைவெளி. முதல் ஓட்டிலேயே சில ஓட்டுகள் குறைந்துபோனது. தோற்றவர்களில் பாதிப் பேர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர்களில் ஒரு பெரியவரிடம் காபி நேரத்தில் கேட்டேன். "என் மனைவியை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறது, அப்புறம் போன வாரம் பாஸ்டர் நல்ல பிரசங்கம் செய்தார்" என்றார். இதைவிடத் தெளிவான நடுவழி இறையியலை நான் எங்கும் வாசிக்கவில்லை. அவரும், எதிர்ப்பக்கம் ஓட்டுப்போட்ட அம்மாவும் சேர்ந்துதான் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிறார்கள். எப்போதும் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

'நாங்கள் எந்தச் சர்ச்சையையும் பேசுவதில்லை' என்று பெருமையாகச் சொல்கிற சபைகளிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அப்படி ஒன்றுக்கு மூன்று மாதம் போனோம். ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தார்கள், ஆனால் பிரசங்கத்தில் பாவமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, நல்ல மனிதர்களாக இருங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எனக்கு அளவுகோலாக இருப்பது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஏழாம் பிரிவு. 1530இல் எழுதியது. சபையின் ஒருமைப்பாட்டுக்குச் சுவிசேஷ உபதேசத்திலும் சாக்கிரமெந்துகளை (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றை) கொடுப்பதிலும் ஒத்துப்போனால் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்கிறது. அந்த 'போதும்' என்ற சொல்லில்தான் இரண்டு கட்சிக்கும் சண்டை: எவ்வளவு ஒத்துப்போனால் போதும்? கன்சர்வேடிவ்கள் எல்லா உபதேசத்திலும் என்பார்கள், மற்றவர்கள் சுவிசேஷத்தின் மையத்தில் என்பார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் மையம் என்று சொல்லிவிட்டுக் காலிக் கல்லறையையே விட்டுவிடுகிறவர்களோடு சேர முடியாது.

ஆகவே உங்களுக்கு எது இடிக்கிறது என்று முதலில் உட்கார்ந்து யோசியுங்கள். பெண் குருக்கள் சரி, ஆனால் திருமணம் பற்றிய பழைய போதனை வேண்டும் என்றால் உங்களுக்கு நேராகவே என்ஏஎல்சி இருக்கிறது, வேறு எங்கும் அலைய வேண்டாம். எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் சபையும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது, கோடிப் பேருக்கு மேல் உள்ள சபை, ஆகவே அது ஏதோ மூலையில் கிடக்கிற நிலைப்பாடு என்று நினைக்காதீர்கள். மேலிருந்து பேராயர் அதிகாரம் வேண்டாம், சபை தன்னைத்தானே நடத்திக்கொள்ளட்டும் என்றால் 2001இல் தொடங்கிய எல்சிஎம்சி உண்டு, ஆனால் அது ஒரு தளர்வான கூட்டமைப்பு, ஒரு சபைக்கும் அடுத்த சபைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும், நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். உபதேசம் இறுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் அன்பாக இருந்தால் போதும் என்றால் மிசூரியிலேயே அப்படி நிறைய உண்டு. மேசை விஷயத்திலும் சில பாஸ்டர்கள் முன்கூட்டியே போய்ப் பேசினால் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நாங்கள் அன்றைக்கு முன்னாடியே போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

எந்தச் சபையானாலும் ஈஸ்டரையும் கிறிஸ்துமஸையும் வைத்து எடைபோடாதீர்கள். பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பிறகு, பீடத்தில் பச்சைத் துணி போடுகிற அந்த நீண்ட பச்சை ஞாயிறுகளில், ஆள் குறைந்த ஜூலை மாதத்தில் போய் உட்காருங்கள், பாஸ்டர் லீவில் போயிருக்கும்போது யார் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் மெம்பர்ஷிப்பை மாற்றுகிற கடிதத்துக்கு அவசரப்படாதீர்கள், ஒரு வருடமாவது போகட்டும். என் மனைவி இன்னும் வாங்கவில்லை, பழைய சபையிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் பெயர் போட்ட காணிக்கைக் கவர் பெட்டி தபாலில் வந்துகொண்டுதான் இருக்கிறது.