திருத்துவதா, மாற்றுவதா? குடியாத்தம் சங்கக் கணக்கரிடம் கேளுங்கள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 26 வருடம் கணக்கு எழுதியவன் நான். முதலாளித்துவத்தைத் திருத்துவதா, மாற்றுவதா என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சார், நல்ல சட்டம் போட்டுத் திருத்தினால் போதாதா? (மாணவர், வாணியம்பாடி)

சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தம்பி. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு வேலூர் பெயரில் சட்டக் கல்லூரிகளில் பாடமாகவே இருக்கிறது. ஆனால் அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம்.

யூனியன், சம்பளம் என்று பேசினால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும் என்கிறார்களே? (ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்)

போகும். போயிருக்கிறது. பீடித் தொழிலாளருக்கென்று 1966-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. கேரளம் அதை நிஜமாகவே அமல்படுத்தப் போனது. 1968-ல் கண்ணூரில் முதலாளிகள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது. அரசு கடன் கொடுத்தது, தொழிலாளர்களே 1969-ல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். முதலாளி காலி செய்த இடத்தில் உட்கார ஆள் இருந்ததால் சட்டம் பிழைத்தது. இந்தப் பக்கம் அப்படி யாரும் இல்லை. அதனால்தான் திருத்தமா மாற்றா என்று தனித்தனியாகக் கேட்பதே எனக்குப் புரிவதில்லை.

கூட்டுறவு என்றாலே ஊழல்தானே?

பாதி சரி. சங்கத்துக்கு உறுப்பினர் தலைவரா, அதிகாரி தலைவரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இரண்டையும் பார்த்தவன். அதிகாரி காலத்தில் பேரேடு சுத்தமாக இருந்தது, தறிதான் நின்றது. ஊழலே இல்லாவிட்டாலும் சந்தை விடாது. ஸ்பெயினில் தொழிலாளர்களே நடத்தும் மோண்ட்ராகன் கூட்டுறவுகளில் பெரிய ஒன்றான, வீட்டுச் சாதனங்கள் செய்த ஃபேகோர் 2013-ல் திவாலானது. தினேஷும் பீடி விற்பனை குறைந்ததும் குடை, மசாலா என்று போனது.

அப்போ சோவியத் மாதிரியா?

வேண்டாம். அங்கே முதலாளி நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பேச்செல்லாம் பீடி சுற்றுகிற எங்களுக்கு எதற்கு ஐயா? (பேரணாம்பட்டு)

உங்களுக்குத்தான் அம்மா முதலில். என் அக்கா மடியில் முறம் வைத்து விளக்கு வைக்கும் வரை சுற்றுவாள். ஏஜென்ட் கொடுக்கும் இலையில் பாதி ஓட்டையாக இருக்கும். ஆயிரம் எண்ணிக்கை நிரம்பாது. கைக்காசு போட்டு இலை வாங்குவாள். கொண்டுபோய்க் கொடுத்தால், கட்டைப் பிரித்து, நுனி சரியில்லை என்று நாலைந்து கட்டை ஓரம் தள்ளுவான். தள்ளியதற்குக் கூலி கிடையாது. ஆனால் பீடியைத் திருப்பியும் தரமாட்டான். ஒரு நாள் ஏன் என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு இலையே வரவில்லை.

எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து சங்கம் தொடங்கலாமா? (அதே அம்மா)

சரி, ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். வந்த இலை, வந்த தூள், கொடுத்த கட்டு, கழித்த கட்டு, கைக்காசில் வாங்கிய இலை. பத்து வீட்டுக் கணக்கும் ஒரே நோட்டில். ஒரு மாதம் எழுதிவிட்டு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம்.