மனைவி ஏன் வாதாடுவதை நிறுத்தினார்?

கேள்வி: தர்க்கப் பிழைகள் பற்றிப் படித்ததிலிருந்து, வீட்டில் யார் பேசினாலும் அதில் உள்ள ஓட்டைதான் கண்ணில் படுகிறது. அப்பா, "நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?" என்கிறார். மச்சான், "என் தொழிலில் பணம் போடு, இல்லையென்றால் என் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்" என்கிறார். மனைவி, "அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் எப்போதுமே வருவதில்லை" என்றாள். போன மாதம் ஒரு முறை வந்தேனே, ‘எப்போதுமே’ என்பது தவறான பொதுமைப்படுத்தல் என்று எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அப்பாவையும் மச்சானையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அப்பா விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பேசுகிறார், பிழைதான். மச்சான் இரண்டே வழிதான் இருப்பதுபோல் காட்டுகிறார். ஒருவர் மேல் முழு நம்பிக்கை வைத்துக்கொண்டே அவர் தொழிலில் பணம் போடாமல் இருக்கலாம். அவரிடம் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நீங்கள் படித்தது உதவ வேண்டிய இடம் அதுதான்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். "அந்தப் பேச்சையே எடுப்பதில்லை" என்று, ஏதோ அவர் திருந்திவிட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் என்ன தர்க்கம் படித்தீர்கள்?

‘எப்போதுமே’ தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முறை போனீர்கள். சரி, மற்ற நாளெல்லாம் யார் போனது? பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, வரிசையில் காத்திருந்து, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேட்டு வந்தது யார்? அவர் சொல்ல வந்தது அதைத்தான். வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது என்பதற்காக அதன் முடிவு பொய்யாகிவிடாது. பொய்யாகிவிடும் என்று நினைப்பதும் ஒரு தர்க்கப் பிழைதான்.

இந்தியாவின் பழைய தர்க்க நூல் மரபான நியாய சாஸ்திரத்தில், எதிராளியின் சொல்லை வேண்டுமென்றே வேறு பொருளில் எடுத்துக்கொண்டு மறுப்பதற்குச் ‘சலம்’ என்று பெயர். ‘நவ’ என்றால் வடமொழியில் புதிது, ஒன்பது இரண்டும் உண்டு. புதுக் கம்பளி என்ற பொருளில் ஒருவன் ‘நவ கம்பளம்’ என்றால், "ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே?" என்று மடக்குவது அதற்கு உதாரணம். உங்கள் "ஒரு முறை வந்தேனே" அந்த ரகம். அலுத்துப்போனவர் வாயில் வரும் ‘எப்போதுமே’ எண்ணிக்கை அல்ல என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

உண்மையை அறியப் பேசுவது வாதம், ஜெயிக்கப் பேசுவது ஜல்பம், தன் பக்கம் எதையும் நிறுவாமல் எதிராளியை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை என்றும் நியாய சாஸ்திரக்காரர்கள் பிரித்தார்கள். அன்றைக்கு உங்கள் பக்கம் எதை நிறுவினீர்கள்? "இனி நான் போகிறேன்" என்றீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவது உங்களைப் பெற்றவர். அவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை. மருமகள் செய்தால் அது அவருடைய நல்ல மனசு. அந்த வேலையை முழுக்க அவர் தலையில் கட்டிவிட்டு, வாய் திறந்து சொன்னால் சொல்லில் குற்றம் பிடிப்பது அநியாயம். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவின் அடுத்த செக்கப் என்றைக்கு என்று தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே மனைவியிடம் கேட்டு, அந்த நாளுக்கு லீவு போடுங்கள். ஃபைலை வாங்கி ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அப்புறம், அன்றைக்குப் பேசியது தப்பு என்று அவரிடம் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.