வாசகர் கேள்வி–பதில்: சிட்டி தரும் பணமும் சிறிய தொண்டு அமைப்புகளும்

இந்த இதழில், அமெரிக்க நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளை நடத்தும் வாசகர்கள் கேட்ட நான்கு கேள்விகள்.

வாரம் ஒருமுறை மளிகைப் பை கொடுக்கிறோம். சிட்டியில், அதாவது நகர நிர்வாகத்தில், கேட்டால் பணம் கிடைக்கும் என்கிறார்கள். அது என்ன பணம், எப்போது கேட்பது?
– வாசகி, டெக்சஸ்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நகரத்தின் சொந்த வரிப்பணம். அதற்கான விதிகளை நகர மன்றமே வகுக்கும். மற்றது மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ‘ஹட்’ தரும் சமுதாய மேம்பாட்டு மானியம். எல்லோரும் சி.டி.பி.ஜி. என்றே சொல்வார்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த மானியம், 50,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களுக்கு நேரடியாக வருகிறது. சாலை, வடிகால், வீடு பழுதுபார்ப்பு எல்லாம் இதிலிருந்துதான். உணவு, முதியோர் உதவி, குழந்தைக் காப்பகம் போன்ற சேவைகளுக்குப் பொதுவாக 15 சதவீதம்தான் உச்சவரம்பு. பத்து லட்சம் டாலர் வரும் ஊரில், எல்லா அமைப்புகளும் சேர்ந்து சுமார் ஒன்றரை லட்சத்துக்குப் போட்டியிடுகின்றன.

பல நகரங்களில் மானிய ஆண்டு ஜூலை 1 அல்லது அக்டோபர் 1-இல் தொடங்கும். அதற்கு 45 நாட்களுக்கு முன்பே திட்டம் ஹட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். ஆகவே விண்ணப்பம் பல மாதங்கள் முன்னதாகவே திறந்து மூடிவிடும். ஜூலையில் தொடங்கும் ஊரில் மே மாதம் போய் நின்றால் அடுத்த ஆண்டுதான். நகர அலுவலகத்தின் சமுதாய மேம்பாட்டுப் பிரிவுக்கு இன்றே எழுதி, அறிவிப்புப் பட்டியலில் உங்கள் மின்னஞ்சலைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

‘புதிய சேவைக்குத்தான் பணம்’ என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். நகரமே தன் பணத்தில் கடந்த 12 மாதங்களில் நடத்திய சேவைக்கு மாற்றாக மானியத்தைச் செலவிடக் கூடாது என்பதே விதி. நன்கொடையில் நீங்கள் நடத்திவந்த சேவைக்கு அது தடையல்ல.

சி.டி.பி.ஜி. பணம் வாங்கினால், வரும் ஒவ்வொருவரிடமும் வருமானச் சான்று கேட்க வேண்டுமா? கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.
– வாசகர், நியூ ஜெர்சி

எல்லோரிடமும் வேண்டியதில்லை. பயன்பெறுவோரில் குறைந்தது 51 சதவீதம் பேர், வட்டார இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் அளவு) 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. அதைக் காட்டப் பல வழிகள் உண்டு. முதியோர், வீடற்றவர்கள், கடுமையான உடற்குறையுள்ள பெரியவர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற பிரிவினருக்கு மட்டுமே நடத்தும் சேவை என்றால், அவர்கள் குறைந்த வருமானத்தினர் என்றே கொள்ளப்படும். பிரிவுக்குரிய சான்று போதும், சம்பளச் சீட்டு வேண்டாம். மற்றவர்களுக்குப் பல நகரங்கள் சுய உறுதிமொழிப் படிவத்தை ஏற்கின்றன. உங்கள் ஊர் ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

படிவம் ஒரே பக்கமாக இருக்கட்டும். குடும்பத்தில் எத்தனை பேர், அத்தனை பேருக்கான வருமான வரம்பு, ‘இதற்குள்தான்’ என்று குறிக்க ஒரு கட்டம், கையெழுத்து, தேதி. தேதி விடுபட்ட படிவம் ஆய்வில் கணக்கில் வராமல் போகும். இன்னொரு பிழை, பழைய வரம்பைப் பயன்படுத்துவது. ஹட் ஆண்டுதோறும் புதிய வரம்பு வெளியிடுகிறது, வந்ததும் பழைய படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். ஒரே பாட்டி 40 வாரம் வந்தால் அவர் ஒருவர்தான், 40 பேர் அல்ல. முதல் வருகையிலேயே ஓர் எண் கொடுத்துப் பதிந்தால் ஆண்டறிக்கையில் திண்டாட வேண்டாம்.

சிட்டியில் எங்களுக்கு 24,000 டாலர் மானியம் அனுமதித்தார்கள். நான்கு மாதமாகியும் ஒரு டாலர் வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில் 40 சதவீதம் போட்ட பில்லையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, இல்லினாய்ஸ்

இந்தப் பணம் பெரும்பாலும் முன்பணமாக வராது. நீங்கள் செலவழித்துச் சான்று காட்டிய பின் ஈடுசெய்வார்கள். மாதம் 2,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஜனவரிச் செலவுக்கு பிப்ரவரியில் பில் போட்டால், பணம் மார்ச் கடைசியில் வரலாம். அதற்குள் இன்னும் இரண்டு மாதச் செலவு. கையில் 6,000 டாலர் இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த செலவையும் வழக்கமாக ஏற்கமாட்டார்கள். உங்கள் இன்சூரன்ஸ் நகரத்தையும் சேர்த்துக் காக்கும் என்ற சான்று இல்லாததாலேயே பல ஒப்பந்தங்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. உங்களுடையதும் அப்படியா என்று முதலில் பாருங்கள்.

சம்பள பில் திரும்பியதற்குக் காரணம் அந்த 40 சதவீதம்தான். அது பட்ஜெட் போடும்போது வைத்த மதிப்பீடு. உண்மையில் செய்த வேலையின் பதிவுதான் ஏற்கப்படும். எனவே டைம்ஷீட்டில் மானிய வேலையை மட்டும் எழுதினால் போதாது. வாரத்தின் எல்லா மணியும், எது எந்த வேலைக்கு என்பதும் இருக்க வேண்டும். கையெழுத்து ஊழியருடையதும் மேற்பார்வையாளருடையதும். அதோடு சம்பளப் பதிவேட்டையும் இணைத்து மறுபடி அனுப்புங்கள்.

மறைமுகச் செலவையும், அதாவது எந்த ஒரு சேவைக்கும் தனியாகப் பிரிக்க முடியாத நிர்வாகச் செலவையும், கேட்டுவாங்குங்கள், சிறிய அமைப்புகள் கேட்காமலே விட்டுவிடுகின்றன. இதற்கென மத்திய அரசுடன் பேசி முடிவுசெய்த தனி விகிதம் இல்லாதவர்கள், நேரடிச் செலவின் மேல் கேட்கக்கூடிய 10 சதவீதத்தை மத்திய விதி 2024 அக்டோபர் முதல் 15 ஆக உயர்த்தியது. உங்கள் ஒப்பந்தத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். வாடகை, விலையுயர்ந்த சாதனங்கள் இந்தச் சதவீதக் கணக்கில் சேராது. நேரடிச் செலவு 20,000, அதில் வாடகை 3,000 என்றால், மீதி 17,000-க்கு 15 சதவீதம், அதாவது 2,550.

எங்கள் கோயில் சமையற்கூடத்தில் தினமும் இலவச உணவு தருகிறோம். மத அமைப்பு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், ஜார்ஜியா

தாராளமாக. வழிபாடும் மானியச் சேவையும் நேரத்தாலோ இடத்தாலோ பிரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தியில் உட்கார பூஜையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. எந்த மதத்தவரையும், மதமே இல்லாதவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சிக்கல் மளிகைக் கணக்கில் வரும். பிரசாத அரிசியும் பந்தி அரிசியும் ஒரே ரசீதில் இருந்தால் அந்த பில் முழுவதும் கேள்விக்குள்ளாகும். கடையிலேயே இரண்டாகப் பில் போடச் சொல்லுங்கள். மூட்டைகளையும் தனி அலமாரியில் வையுங்கள்.